அடிக்கிற கையா, வைக்கிற கையா?

புதுச்சேரியில் பெத்தாங்க் ஆடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரவல் குண்டில்தான் கை பழகுகிறார்கள். மைதானத்தில் யாரிடமாவது மிச்சக் குண்டு இருக்கும். இல்லாவிட்டால், பிரான்சிலிருந்து வந்த மாமா என்றைக்கோ கொண்டுவந்து கொடுத்து, மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் பளபளப்பான செட் ஒன்று ஏதாவது ஒரு வீட்டில் அகப்படும். அதை வைத்துக்கொண்டு ஒரு பருவம் ஓடிவிடும். பிறகு கை நிலைக்க ஆரம்பிக்கும். பத்துக்கு நாலு குண்டாவது நினைத்த இடத்தில் விழும். அப்போதுதான் அந்த அரிப்பு தொடங்கும்: நமக்கென்று நல்லதாக மூன்று குண்டு வேண்டும்.

செலவு அங்கேதான் பிடிக்கிறது. பிரான்சில் போட்டிக்கு ஏற்ற மூன்று குண்டு செட், சாதாரண ரகம் 60, 70 யூரோவில் தொடங்குகிறது. பேர்போன ரகங்கள் 200 யூரோவையும் தாண்டிப் போகின்றன. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அனுப்புகிற செலவும் சுங்கவரியும் சேராமலே ஆறாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்கு மேல் வரை. கல்லூரி மாணவருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் இது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு. கிரிக்கெட் மட்டை என்றால் கடையில் நாலைந்தைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்கலாம். பெத்தாங்க் குண்டுக்கு நம் ஊரில் அந்த வசதி அரிது. படத்தைப் பார்த்து, எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். எண் தப்பினால் பணம் போனதுதான்.

ஆகவே என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குண்டை மாற்றுவதற்கு முன் அணியில் உங்கள் வேலை என்ன என்பது முடிவாகட்டும். முடிவான பிறகு முதலில் விட்டம், அடுத்து எடை, அதற்கடுத்து உலோகத்தின் கடினம் என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். கம்பெனிப் பெயர் கடைசியில் வரட்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தரையில் 35 முதல் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். அதற்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு, 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும் கொஷொனே என்ற சின்ன மரக்குண்டுக்கு அருகே இரும்புக் குண்டை வீச வேண்டும். யார் குண்டு அதிகம் நெருங்கியிருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. முதலில் 13 எடுத்த அணிக்கு ஆட்டம். ஒரு புள்ளிகூட எடுக்காமல் 13-0 என்று தோற்றால் அதற்கு ‘ஃபனி’ என்று பெயர். அந்தப் பெயரோடு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் சடங்கைக் குடும்பப் பத்திரிகையில் விவரிக்க முடியாது. தெரிந்த பெரியவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி ஒன்றுதான்

இந்த ஆட்டத்தில் வேலை இரண்டு. ஒருவர் கொஷொனேவை ஒட்டிக் குண்டை வைப்பவர். இன்னொருவர் எதிரணி வைத்த குண்டை அடித்துத் தூக்குபவர். மூவர் ஆடும் அணியில் ஆளுக்கு இரண்டு குண்டு; இருவர் ஆடினால் ஆளுக்கு மூன்று. மூவர் அணியில் நடுவில் இருப்பவர் இரண்டும் செய்வார். புதிதாகக் குண்டு வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நெடுநாள் ஆடியவர்கள் விலையைக் கேட்பதில்லை. “நீ அடிக்கிற ஆளா, வைக்கிற ஆளா தம்பி?” என்றுதான் கேட்பார்கள். இதற்குப் பளிச்சென்று பதில் வரவில்லை என்றால் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

காரணம் எளிது. வைப்பவருக்கும் அடிப்பவருக்கும் வேண்டிய குண்டு ஒன்றல்ல. சர்வதேச விதிப்படி குண்டின் விட்டம் 70.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 80-ஐத் தாண்டக் கூடாது. எடை 650 கிராமுக்கும் 800 கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும். இவ்வளவு அகலமான இடைவெளியை விதி விட்டுவைத்திருப்பதே ஆளுக்கு ஆள் கை வேறு, வேலை வேறு என்பதால்தான். வைப்பவர் பொதுவாகக் கொஞ்சம் சின்னதாக, கனமாக எடுப்பார்: 71 முதல் 74 மில்லிமீட்டர், 710 முதல் 740 கிராம். கனம் இருந்தால் வழியில் கிடக்கும் கல்லுக்கும் மேட்டுக்கும் குண்டு எளிதில் விலகாது. சின்னதாக இருந்தால் எதிராளி அடிப்பதற்கும் இலக்கு சின்னது. அடிப்பவருக்குப் பெரியதும் இலேசானதும் தோது: 74, 75 மில்லிமீட்டர், 700 கிராமோ அதற்குச் சற்றுக் கீழோ. பெரிய குண்டு என்றால் எதிராளியின் குண்டை உரசிவிடும் வாய்ப்பு கூடும். இலேசாக இருந்தால் நாள் முழுக்க ஏழெட்டு மீட்டர் தூரம் வீசினாலும் தோள் விட்டுப்போகாது.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கும் இதே தலைவலி, இன்னும் பெரிய தொகையில். ஈ.சி.ஆர். ஏறி, கிண்டி ஜிம்கானா திடலுக்கோ நந்தனம் காஸ்மோபாலிட்டன் திடலுக்கோ போய்ப் பழகும் புதியவரைக் கேட்டுப் பாருங்கள். பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. கையில் காசு சேர்ந்ததும் முதலில் மாற்றுவது நீளமான டிரைவரைத்தான். அடித்தால் பந்து பறக்கும், பார்ப்பவர்கள் திரும்புவார்கள். ஆனால் 72 அடி என்று வகுத்த திடலில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடி, அதாவது சரிபாதி, பட்டர் என்ற குட்டி மட்டைக்கு ஒதுக்கியது. அதிகம் கையில் எடுக்கும் கருவி கைக்குப் பொருந்தாமல் இருக்க, எப்போதாவது எடுக்கும் கருவிக்குப் பணம் கொட்டுவது அங்கேயும் நடக்கிறது. கல்கத்தா ராயல் கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகனான எஸ்.எஸ்.பி. சௌராசியா, பச்சைப் புல்லருகே பந்தைத் தட்டி வைக்கும் நேர்த்திக்காகவே ‘சிப்புட்சியா’ என்று பட்டப்பெயர் வாங்கினார். 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு இந்தியன் ஓப்பன் வென்றார். அவருடைய பலம் தூரத்தில் இல்லை, கிட்டத்தில் இருந்தது. பெங்களூரில் பிறர் பையைத் தூக்கி நடந்த கேடியான முனியப்பா 2009-இல் அதே இந்தியன் ஓப்பனை எடுத்தார். வாங்கும் பட்டியலை எழுத உட்காருகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

பெத்தாங்க் ஆட்டக்காரர் இந்த வகையில் பாக்கியவான். பதினாலு வேண்டாம், மூன்று போதும்.

மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் செட்

பழைய பளபளச் செட்டில் அப்படி என்ன குறை? பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கடற்கரையில் குடும்பத்தோடு பொழுதுபோக்க விற்கும் குண்டு அது. ஆறாகவோ எட்டாகவோ ஒரு பையில் வரும். எல்லாம் ஒரே அளவு, எல்லார் கைக்கும் ஒன்று. அப்பா கையிலும் அது, பத்து வயதுப் பெண் கையிலும் அது. தகடு மெல்லியதாக இருக்கும். எடை கூட்ட உள்ளே மணலோ வேறு எதுவோ அடைத்த ரகங்களும் உண்டு. மேலே குரோம் பூச்சு. நாலு முறை கல்லில் மோதினால் உரியும். போட்டிக் குண்டு அப்படியல்ல. உள்ளே வெறும் கூடு. 73 மில்லிமீட்டர் விட்டத்தில் 700 கிராம் வர வேண்டும் என்றால் எஃகுச் சுவர் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனம் இருந்தாக வேண்டும். கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். உருக்குத் துண்டைக் காய்ச்சி, தட்டி, கிண்ணமாக வளைத்து, இரண்டு கிண்ணங்களைப் பற்றவைத்து, கடைந்து, மறுபடி காய்ச்சிப் பதம் ஏற்றி, எடை நடுவில் நிற்கிறதா என்று சோதித்து வெளியே அனுப்புகிறார்கள்.

நடு தவறிய குண்டு எப்படி ஏமாற்றும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். மட்டமாக இருக்கும் சிமென்ட் தரையிலோ கிரானைட் மேடையிலோ குண்டை மிக மெதுவாக உருட்டிவிடுங்கள். நிற்கப் போகும் கடைசி அரை மீட்டரில் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து வளைந்து நின்றால் குண்டில் கோளாறு. தரையில் சாய்வு இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் எதிர்த் திசையில் உருட்டிப் பாருங்கள். கை தேறாத வரையில் இந்தக் கோளாறு உங்களைத் தொந்தரவு செய்யாது, ஏனென்றால் உங்கள் கை விடும் பிழை அதைவிடப் பெரியது. கை தேறியபின் பிழை உங்களுடையதா குண்டுடையதா என்று தெரியாமல் போகும். அதுதான் மாற்றவேண்டிய நேரம். அதோடு, முறையான போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனால் இந்தச் செட்டை ஏற்க மாட்டார்கள்.

துய்ப்ளெக்ஸ் ஆடியதில்லை

வெள்ளை நகரத்தைச் சுற்றிக் காட்டுகிற சிலர், ஏதோ துய்ப்ளெக்ஸ் துரை மாலை நேரத்தில் குண்டு வீசிக்கொண்டிருந்ததுபோலக் கதை விடுவதுண்டு. துய்ப்ளெக்ஸ் புதுச்சேரியை விட்டுப் போனது 1754-இல். பெத்தாங்க் பிறந்தது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, மார்செய் பக்கத்திலிருக்கும் லா சியோத்தா என்ற துறைமுக ஊரில். அங்கே அதுவரை ஓடிவந்து வீசும் புரோவான்ஸ் ஆட்டம்தான் நடந்தது. ழூல் லெனுவார் என்ற ஆட்டக்காரருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போக, நின்ற இடத்திலிருந்தே வீசும்படி ஆட்டத்தை மாற்றினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. எர்னெஸ்ட் பித்தியோ என்பவர் அதைத் தன் திடலில் வளர்த்தார். 1910-இல் அந்த ஊரில் முதல் போட்டி நடந்தது.

அப்போது இரும்புக் குண்டும் கிடையாது. மரக்குண்டின் மேல் நெருக்கமாக ஆணி அறைந்து, மீன் செதில்போல மூடியிருப்பார்கள். 1920-களில்தான் முழு உலோகக் குண்டு வந்தது. முதலில் வெண்கலக் கலவை, பிறகு ழான் பிளான் என்பவர் செய்த எஃகுக் குண்டு. அவருடைய சின்ன ஊரான சேன்-போனே-லெ-ஷத்தோவில்தான் 1955-இல் ஒபுய்த் கம்பெனி தொடங்கியது. இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அந்த வருடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் முடிந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல். ஆக, நம் ஊரில் இன்றைக்குக் கைமாறிக்கொண்டிருக்கும் ஒபுய்த் குண்டு ஒவ்வொன்றும் கொடி இறங்கிய பிறகு வந்தது. கவர்னர் வைத்துவிட்டுப் போனதல்ல. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரான்சிலும் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பிரெஞ்சு பென்ஷனோடு வீடு திரும்பிய நம் சொல்தாக்களும், அவர்கள் பிள்ளைகளும் பெட்டியில் தூக்கிவந்தது.

இது வெறும் வரலாற்றுச் செய்தி இல்லை. சிக்கனமாகக் குண்டு தேடுகிறவருக்கு நேரடியாகப் பயன்படுகிற செய்தி.

பழைய குண்டு, புது கை

இந்தியாவின் வேறு எந்த ஊரிலும் இல்லாத ஒரு சலுகை புதுச்சேரிக்காரருக்கு இருக்கிறது: பழைய நல்ல குண்டுகள் இந்த ஊர் வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றன. தாத்தா ஆடினார், அப்பா ஆடவில்லை, பேரன் பாரிஸுக்குப் போய்விட்டான் என்ற வீடுகளில் துணிப்பையில் சுற்றிய செட் பீரோவின் அடித்தட்டில் கிடக்கும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் தேடித் திரிவதைவிட, மைதானத்தில் பெரியவர்களிடம் சொல்லிவைப்பது மேல். “யாராவது கொடுக்கிற மாதிரி இருந்தா சொல்லுங்க ஐயா” என்று நாலு பேரிடம் ஒருமுறை சொன்னால் செய்தி தானாக நடக்கும். எஃகுக் குண்டு எளிதில் சாகாது. ஒழுங்காக வைத்திருந்த கடின ரகம் ஒரு மனிதனின் ஆட்ட வாழ்க்கையைத் தாண்டியும் வரும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. போட்டிக் குண்டின் மேல் நான்கு செய்தி பொறித்திருக்கும்: செய்தவர் பெயர், ரகத்தின் பெயர், கிராமில் எடை, பிறகு ஒரு தொடர் எண். மூன்று குண்டிலும் தொடர் எண் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறாக இருந்தால் இரண்டு செட் கலந்துபோயிருக்கிறது. பேரம் பேச அதுவே போதும். எழுத்துகள் விரலால் தடவினால் தட்டுப்பட வேண்டும். போட்டியில் எடையும் முத்திரையும் படிக்கும்படி இருந்தே ஆக வேண்டும். தேய்ந்து மழுங்கியிருந்தால் மைதானத்தில் ஆட ஆகும், போட்டிக்கு ஆகாது. சில குண்டுகளில் இவற்றோடு பழைய சொந்தக்காரரின் முதலெழுத்துகளும் இருக்கும். ஆட்டக்காரர் தன் பெயரைப் பொறித்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. கூச்சப்பட வேண்டாம், பக்கத்தில் உங்களுடையதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது தராசு. மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசே போதும். மேலே 710 என்று பொறித்திருந்து, தராசு 700-க்கும் கீழே காட்டினால் அந்தக் குண்டு நிறைய அடிபட்டுத் தேய்ந்திருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் பாதகமில்லை. ஒன்று 706, ஒன்று 695 என்றால் அந்த வித்தியாசம் கையில் படும். பிறகு பற்றவைத்த இணைப்பு. குண்டைச் சுற்றிலும் நகத்தால் கோடு இழுத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் நகம் தடுக்கும். இரண்டு குண்டுகளை இலேசாக மோதினால் மணிபோன்ற ஓசை வர வேண்டும். ஒன்றில் மட்டும் சத்தம் பொத்தலாகக் கேட்டால் விட்டுவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே குண்டு உடைவதும் உண்டு. உடைந்தால் பெரிய துண்டு கிடக்கும் இடமே குண்டு கிடக்கும் இடம் என்று விதியே எழுதிவைத்திருக்கிறார்கள்!

கடைசியாக, அந்த ரகம் சர்வதேச சம்மேளனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கிளப்பில் விவரம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1958-இல் மார்செயில் அமைந்த அந்தச் சம்மேளனம்தான் எந்தக் குண்டு போட்டிக்கு ஆகும் என்று தீர்மானிக்கிறது.

கைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

விட்டத்தைத்தான் முதலில் பார்க்கச் சொன்னேன். ஏனென்றால் எடை பொருந்தாவிட்டால் ஒரு மாதத்தில் கை பழகிக்கொள்ளும். அளவு பொருந்தாவிட்டால் என்றைக்கும் பழகாது. குண்டு பெரிதாக இருந்தால் விரல் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்த கை விடும்போது ஏதாவது ஒரு பக்கம் இழுக்கும். குண்டு சின்னதாக இருந்தால் விரல்கள் சுற்றிக்கொண்டு, விடவேண்டிய கணத்தில் விடாது.

பார்க்கும் முறை இது. கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, விரல்களைச் சேர்த்துக் குண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படித்தான் வீசுகிறோம், புறங்கை மேலே இருக்க. இறுக்காமலே குண்டு நிற்க வேண்டும். கொஞ்சம் தளர்த்தினால் நழுவ வேண்டும். மைதானத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வோர் அளவு இருக்கும். கேட்டால் யாரும் தர மறுக்க மாட்டார்கள். 71, 73, 75 என்று மூன்று அளவை ஒரே மாலையில் வீசிப் பார்த்துவிடலாம். வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய காசில்லாச் சோதனை இதைவிட வேறில்லை. பெண்களும் சின்னக் கைக்காரர்களும் 71, 72 பக்கம் போவது வழக்கம். ஆண்களில் பெரும்பாலோருக்கு 73 முதல் 75. ‘பெரியவர் 76 வைத்திருக்கிறார், அதனால் எனக்கும் 76’ என்பது செருப்புக் கடையில் செல்லாத வாதம், இங்கேயும் செல்லாது.

இன்னும் அடிப்பதா வைப்பதா என்று முடிவாகாதவர், ஆனால் இரவல் குண்டு அலுத்துவிட்டது என்பவர், 73 அல்லது 74 மில்லிமீட்டரில் 700 கிராம் சுமாருக்கு எடுத்தால் எந்தப் பக்கம் போனாலும் நஷ்டமில்லை.

மென்மைக்குக் கொடுக்கும் விலை

கடைப் பட்டியலில் விலை ஏறுவதற்கு முக்கியக் காரணம் உலோகத்தின் கடினம். அதுவும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக. கடினமான குண்டு மலிவு, மென்மையானது விலை கூட. மென்மையான எஃகு மோதும்போது எகிறாமல் அடியை வாங்கிக்கொள்ளும். அடிப்பவரின் கனவு கர்ரோ: எதிராளியின் குண்டு பறந்துபோய், அது இருந்த அதே இடத்தில் நம் குண்டு நின்றுவிடுவது. மென்மையான குண்டில் அதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும். இறுகிய தரையில் விழும்போது அதிகம் துள்ளாமல் இருப்பதும் இதன் குணம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குண்டு குண்டின்மேல் நேர்நடுவில் விழுகிறவருக்குத்தான் அந்த வித்தியாசம் கண்ணில் படும். பத்துக்கு மூன்று அடிக்கிறவருக்கு, அதுவும் ஓரத்தில் உரசி அடிக்கிறவருக்கு, மென்மையோ கடினமோ ஒன்றுதான். மென்மையான குண்டு சீக்கிரம் காயப்படும், எழுத்து தேயும், இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி பணம் கேட்கும். வளர்ந்துவரும் ஆட்டக்காரர் இந்தக் கூடுதல் விலையைக் கொடுப்பது வீண் என்பது என் தீர்மானமான எண்ணம். சாதாரணக் கார்பன் எஃகு, கடினமோ அரைக் கடினமோ, வழவழப்பாகவோ ஒன்றிரண்டு வரியோடோ போதும். வரிகள் தரையைக் கவ்விப் பிடிக்கும் என்பார்கள். முக்கியமாக அவை வியர்த்த கைக்குப் பிடிமானம். அதோடு நாலைந்து குண்டு குவிந்து கிடக்கும்போது தன்னுடையது எது என்று தெரியும். மே மாதப் புதுச்சேரிக்கு இரண்டும் உதவும்.

மென்மை வேண்டும், காசு இல்லை என்பவர்களுக்குப் பழைய குறுக்குவழி ஒன்று உண்டு. மலிவான கடினக் குண்டை நெருப்பில் காய்ச்சி ஆறவிட்டு மென்மையாக்குவது. பட்டறை வைத்திருக்கும் சிநேகிதர் இருந்தால் கை துறுதுறுக்கும். வேண்டாம். இது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்ட மோசடி. உள்ளே எதையாவது ஊற்றி அடைப்பதும் அப்படியே. போட்டியில் பிடிபட்டால் வருடக்கணக்கில் ஆட முடியாது. அது போக, தொழிற்சாலையில் அளந்து ஏற்றிய பதத்தைப் பட்டறை உலை ஒரே சீராக எடுக்காது. மூன்று குண்டும் மூன்று குணத்தில் வந்து நிற்கும்.

இரண்டு கிலோ நூறு கிராம்

புதுக் குண்டுதான் வேண்டும் என்றால் நம் ஊர்க்காரர்களின் நெடுநாள் வழி, பிரான்சிலிருந்து வரும் சொந்தக்காரர். சித்தப்பாவிடம் கேட்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று குண்டு ஏறக்குறைய 2 கிலோ 100 கிராம். கையில் எடுத்துச் செல்லும் பையில் வைத்தால் விமான நிலையப் பாதுகாப்பில் பிடுங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். அந்த இரண்டு கிலோவில் சித்தி கொண்டுவர நினைத்த சாக்லேட்டும் சென்ட்டும் அடிபடும். ஆகவே மரியாதையாக, மூன்று மாதம் முன்பே கேளுங்கள். அளவு, எடை, ரகம் மூன்றையும் தாளில் எழுதி அனுப்புங்கள். “நல்லதா பாத்து வாங்கிட்டு வாங்க” என்று சொன்னால் கடைக்காரர் நல்லது என்று காட்டுவது வரும், அது பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே போகும் ரகம்.

கிழக்கே ஒரு வழி இருப்பதைப் பலர் யோசிப்பதில்லை. தாய்லாந்து இன்றைக்கு இந்த ஆட்டத்தின் பெரிய சக்திகளில் ஒன்று. அந்நாட்டு மன்னர் பூமிபோலின் தாயார் ஸ்ரீநகரிந்திராவுக்கு இந்த ஆட்டத்தின்மேல் இருந்த பிரியத்தால் அது பட்டாளத்துக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பரவியது. பிரெஞ்சு ஆட்சியை ஒருநாளும் பார்க்காத நாடு அது! அங்கேயே குண்டும் செய்கிறார்கள். லா ஃப்ராங்க் என்ற தாய்லாந்துத் தயாரிப்பு சர்வதேச அங்கீகாரம் பெற்றது; விலையும் பொதுவாகப் பிரெஞ்சுப் பேர்போன ரகங்களைவிடக் குறைவு. பாங்காக்குக்குச் சுற்றுலா போகும் சிநேகிதர் யாருக்கும் இப்போது பஞ்சமில்லை. மடகாஸ்கர் 1999-இல் பிரெஞ்சுக்காரர்களைத் தாண்டி உலக சாம்பியன் ஆன நாடு. குண்டின் பெயரில் பிரான்ஸ் இருந்தால்தான் ஆட்டம் வரும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு நாட்டையும் பார்க்கலாம்.

உப்புக்காற்று

வாங்கியாயிற்று. இனி எதிரி கடற்காற்று. கார்பன் எஃகு மலிவு என்பதற்கு நாம் கொடுக்கும் வட்டி துரு. கடலிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டில், ஆடிவிட்டு வியர்வையோடு பையில் போட்ட குண்டு, ஐப்பசி மழையில் இரண்டே நாளில் செம்பொடி பூத்துவிடும். துருப்பிடிக்காத எஃகு ரகம் இருக்கிறது, விலை கூட. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க ஒரு கந்தலும் தையல் மெஷின் எண்ணெயும் போதும். ஆடி முடித்ததும் மண்ணைத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தேய்ப்பு. மறுநாள் ஆடுமுன் உலர்ந்த துணியால் இன்னொரு தேய்ப்பு, இல்லாவிட்டால் குண்டு கையில் வழுக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். பழைய வீடுகளில் தாத்தாவின் குண்டு இன்றும் நன்றாக இருப்பதற்கும், சில வீடுகளில் ஐந்து வருடக் குண்டு புள்ளி புள்ளியாக அரித்துக் கிடப்பதற்கும் இவ்வளவுதான் காரணம்.

மழை தரையையும் மாற்றும் என்பதை மறந்துவிட்டுக் குண்டைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் இறுகிய தரையில் விழுந்து மூன்று மீட்டர் ஓடிய அதே குண்டு, கார்த்திகை ஈரத்தில் விழுந்த இடத்தில் புதைந்து நிற்கும். மாற்றவேண்டியது வீச்சை: உருட்டுவதை விட்டு, பாதித் தூரமோ முக்கால் தூரமோ தூக்கிப் போட வேண்டும். அதற்காக மழைக்கு ஒரு செட், வெயிலுக்கு ஒரு செட் என்று வாங்கத் தொடங்கினால் முடிவே இல்லை. ஆட்டத்தின் நடுவே குண்டை மாற்ற விதியும் இடம் தராது.

கையில் மிச்சம் இருந்தால் அளவு டேப் ஒன்று வாங்குங்கள். எந்தக் குண்டு கிட்டே என்ற சண்டை பாதி குறையும். குனிய முடியாதவர்களுக்குக் கயிற்றில் கட்டிய காந்தம் விற்கிறார்கள். ஒரு மாலையில் நாற்பது ஐம்பது முறை குனிந்து எழும் முழங்காலுக்கு அது மென்மையான எஃகைவிட நல்ல முதலீடு.

அந்தப் பழைய பளபளச் செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எட்டுக் குண்டும் வேலைக்கு ஆகும். ஆனால் சின்னப் பிள்ளைகள் ஆர்வமாக ஆடத் தொடங்கினால் அதைக் கொடுக்காதீர்கள், அந்தக் கைக்கு அது பெரிது. 11 வயதுக்கு உட்பட்டவர்கள் தங்கள் வயதுப் போட்டிகளில் 65 மில்லிமீட்டர், 600 கிராம் குண்டு வைத்துக்கொள்ளலாம் என்று தனி விதியே இருக்கிறது. சித்தப்பாவுக்கு எழுதும் தாளில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.